பீத்துணியை யார் துவைப்பது?

(மாணவர்களுக்கும் இளம் தோழர்களுக்குமாக நடந்த இரண்டு நாள் வாசிப்பு முகாமில், மூன்று மாதக் கைக்குழந்தையோடு வந்திருந்த பெண் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரிதும் மாற்றப்படவில்லை.)



அழைப்பிதழில் என் பேருக்கு நேரே 'தலித் பெண்ணும் குடும்பமும்' என்று தலைப்புப் போட்டிருக்காங்க. பெரிய தலைப்பு. நாலு புத்தகம் படிச்சுட்டு வந்து பேசணும்னுதான் நெனச்சேன். ஆனா மூணு மாசமா ஒரு பக்கத்தைக்கூட நான் முழுசாப் படிக்கல. புத்தகத்தைத் திறந்தா பிள்ளை அழும், மூடினா சிரிக்கும். அதனால் படிச்சதை விட்டுட்டுப் பட்டதைப் பேசுறேன். அங்கே தூணோரம் தூளியில் தூங்குதே, அந்த விசயத்தைத்தான் பேசப் போறேன்.

முன்வரிசையில் கல்லூரிப் பையன்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிறீங்க. 'அரசியல் பேசுவாங்கன்னு வந்தா பிள்ளை வளர்ப்பு பேசுறாங்களே'ன்னு. இது அரசியல்தான். கடைசிவரைக்கும் கேளுங்க.

முதலில் ஒரு கணக்கு. பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 8 தடவையிலிருந்து 12 தடவை வரைக்கும் பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம்னு வச்சா, 10 தடவைக்கு 5 மணி நேரம். குடிச்சு முடிச்சதும் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொடுத்து ஏப்பம் விடவைக்கணும். விடலைன்னா கக்கும். கக்கினா துணி மாத்தணும். மூத்திரத்துணி, பீத்துணி, கக்கின துணி எல்லாம் சேர்த்து எங்க வீட்டில் முதல் மாசம் ஒரு நாளைக்கு 20 துணிக்குக் குறையல. 'பிள்ளை தூங்கவே தூங்காதா'ன்னு கேப்பீங்க. தூங்கும். ஒரு நாளில் 16 மணி நேரம்கூடத் தூங்கும். ஆனா சேர்ந்தாப்ல தூங்காது. ராத்திரி, பகல் என்கிற வித்தியாசம் அதுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், அதுதான் கஷ்டம்.

இந்த வேலையில் பால் கொடுக்கிறது ஒண்ணுதான் தாய் மட்டும் செய்ய முடிஞ்ச வேலை. ஏப்பம் விடவைக்கிறது, தூளி ஆட்டுறது, துணி மாத்துறது, துவைக்கிறது, காயப்போடுறது, மடிக்கிறது இதுக்கெல்லாம் முலை தேவையில்லை. கை இருந்தால் போதும். ஆனா நம்ம வீடுகளில் இது எல்லாத்தையும் யார் செய்றாங்க? அந்தப் பச்ச உடம்புக்காரிதான் செய்றா. அவளால் முடியலைன்னா அவ அம்மா. அம்மா இல்லைன்னா மாமியார். அவங்களும் இல்லைன்னா வீட்டில் இருக்கிற பத்து வயசுப் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு லீவு போடும். அந்தப் பட்டியலில் ஆம்பளை பேரு கடைசியில்கூட வராது.

இப்ப எங்க வீட்டுக் கதை. எங்க வீட்டுத் தோழரும் இங்கேதான் உட்கார்ந்திருக்காரு. அவர்கிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். 'சொல்லு, எனக்குத்தான் அவமானம், இருக்கட்டும்'னு சொல்லிட்டாரு.

பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள். கையால் மலம் அள்ளுற கொடுமையை எதிர்த்து அன்னிக்குக் கலெக்டர் ஆபீஸ் முன்னால் ஆர்ப்பாட்டம். 1993-ல் ஒரு சட்டம், அது போதாதுன்னு 2013-ல் இன்னொரு சட்டம். அதுக்குப் பிறகும் நம்ம ஆளுங்க சாக்கடைக் குழியில் விஷவாயு தாக்கிச் சாகுறாங்க. அந்தத் துண்டறிக்கையை எழுதினது நான். ஒன்பதாம் மாச வயித்தோட உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். தோழர் போய்த் தொண்டை கட்டுற வரைக்கும் முழக்கம் போட்டுட்டு சாயந்திரம் வீட்டுக்கு வந்தாரு. ஆசையா பிள்ளையைத் தூக்கினாரு. தூக்கினதும் பிள்ளை அவர் கைலியிலேயே பேண்டுடுச்சு. மனுசன் பிள்ளையை இப்படி ரெண்டு கையாலும் தூரமா நீட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கூப்பிட்டாரு: "ஏம்மா, சீக்கிரம் வா, புள்ள ஆயி போயிடுச்சு!"

அடுப்படியிலிருந்து வந்து பார்த்தேன். அவர் சட்டைப்பையில் அந்தத் துண்டறிக்கை நீட்டிக்கிட்டு இருந்தது. மலம் அள்ளுவதை ஒழிப்போம் என்று என் கையெழுத்திலிருந்து அச்சான வரி. எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையை வாங்கிக் கழுவினேன், துணியைத் துவைச்சேன். கைலியையும் நான்தான் துவைச்சேன்.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி. பிள்ளை விடாமல் அழுது. எனக்குத் தையல் போட்ட இடம் வலி. அவர் அசதியில் தூங்குறாரு. திடீர்னு எனக்கு அழுகை வந்தது. நிறுத்த முடியல. 'இனிமேல் இயக்கமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், என்னால் முடியாது'ன்னு முடிவு பண்ணேன். எனக்கு முன்னால் நம்ம கலைக்குழுவில் ஒரு தோழி இருந்தா. மூத்த தோழர்களுக்கு அவளைத் தெரியும். அவ பறையைத் தோளில் மாட்டினா கூட்டம் வழிவிடும். கல்யாணமானா, பிள்ளை பெத்தா, அதோட சரி. 'குடும்பம்னு ஆயிட்டா பொம்பளைத் தோழர்கள் வர்றதில்லை'ன்னு நாம சாதாரணமாச் சொல்லிட்டுப் போயிட்டோம். அவ ஏன் வரலைன்னு ஒருத்தரும் அவ வீட்டில் போய்க் கேட்கல. நானும் கேட்கல. அந்த ராத்திரிதான் அவ நினைப்பு வந்தது.

இந்த அழுகையைப் பத்தி ஒரு வார்த்தை. பிள்ளை பெத்த முதல் ஒண்ணு ரெண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வர்றது நிறையப் பேருக்கு நடக்கும், தானாவே சரியாகும். ரெண்டு வாரத்தைத் தாண்டியும் தொடர்ந்தா, தூக்கமே வராமப் போனா, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமப் போனா, அது நோய். மருத்துவர்கிட்டக் கூட்டிப் போகணும். 'பேய் பிடிச்சிருக்கு'ன்னும் சொல்லாதீங்க, 'திமிரு'ன்னும் சொல்லாதீங்க.

மறுநாள் காலையில் அந்தத் துண்டறிக்கையை எடுத்து அவர் முன்னால் உரக்கப் படிச்சேன். முழுசும் படிச்சேன். படிச்சு முடிச்சுட்டு ஈரத்துணிக் கூடையைப் பக்கத்தில் வச்சேன். அவர் ஒண்ணும் பேசல. கூடையைத் தூக்கிக்கிட்டுப் பின்பக்கம் போனாரு. பாவம், துவைக்கத் தெரியல. எடுத்த எடுப்பிலேயே சோப்பைப் போட்டுத் தேய்ச்சுக் கறையை நிலைக்க வச்சுட்டாரு. முதலில் பச்சைத் தண்ணியில் அலசி விடணும், பிறகுதான் சோப்பு, பிறகு நல்ல வெயில். இது கஷ்டமான வித்தை இல்லை. ஒரு நாளில் கத்துக்கிட்டாரு. ஆனா ஒரு வாரம் ராத்திரியில்தான் துவைச்சாரு. 'ஏன்'னு கேட்டா, 'பகல்ல தெரு பார்க்கும்'னாரு. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சேரி முழுக்கச் சாதி ஒழிப்பு பேசுற ஆளு பிள்ளை துணியைத் திருடன் மாதிரி துவைக்கிறதா? எட்டாம் நாள் தெருக்குழாயடிக்கே கூடையைக் கொண்டுபோனாரு. "என்னப்பா, பொண்டாட்டி ஊர்ல இல்லையா?"ன்னு ஒரு பெரியவர் கேட்டாரு. "இருக்கா பெரியப்பா. புள்ள எனக்கும்தானே பொறந்துது"ன்னாரு. ரெண்டு நாள் தெரு சிரிச்சது. மூணாம் நாள் அதுக்கு வேற வேலை வந்துடுச்சு.

இனி தீட்டு விசயம். மருத்துவமனையிலிருந்து வந்த அன்னிக்கே எங்க அத்தை, அதாவது அவங்க அம்மா, எனக்கு மூலையில் ஒரு பாய் போட்டாங்க. தனித் தட்டு, தனி டம்ளர். முப்பது நாள் கழிச்சுத் தலைக்குத் தண்ணி ஊத்தி வீட்டைக் கழுவி விடுறவரைக்கும் பானையைத் தொடக்கூடாது, சாமி மாடம் பக்கம் போகக்கூடாது. தோழர்களே, அந்த டம்ளரைக் கையில் வாங்கினதும் எனக்கு எது நினைவுக்கு வந்திருக்கும்? டீக்கடையில் இரட்டைக் குவளையை எதிர்த்து மறியல் பண்ணிக் கைதானவ நான். என் வீட்டுக்குள்ளேயே எனக்கு ஒரு தனிக்குவளை!

அத்தையைக் கெட்டவங்கன்னு நினைச்சுடாதீங்க. எனக்குப் பத்தியம் வடிச்சுப் போட்டதும் அவங்கதான், வெந்நீர் வச்சு ஊத்தினதும் அவங்கதான். "எனக்கு அஞ்சு பிரசவம். மாட்டுக் கொட்டாய்ல சாக்கு விரிச்சுப் படுத்திருந்தேன். தண்ணி மொண்டு குடுக்க ஆளில்ல. உனக்கு நான் பாயாச்சும் போட்டிருக்கேன்"னாங்க. அவங்க பட்டதில் பாதியைக் குறைச்சு எனக்குக் கொடுத்ததா அவங்க நினைப்பு. உண்மையும் அதுதான்.

ஆனா எங்க அம்மா சொன்ன ஒரு சங்கதிதான் எனக்குத் தீட்டு என்றால் என்னன்னு புரியவச்சது. எங்க அம்மா நடவுக் கூலி. என்னைப் பெத்து இருபதாம் நாள் ஆண்டை வீட்டிலிருந்து ஆள் வந்ததாம், நாத்து முத்துது, நடவுக்கு வரச்சொல்லி. வீட்டில் முப்பது நாள் தீட்டு. அடுப்பைத் தொடக்கூடாது. ஆனா ஆண்டை வயலில் இறங்கலாம்! அவள் நட்ட நெல் ஆண்டை வீட்டு உலைக்குப் போகும், சாமிக்குப் படையலாகும். அந்த நெல்லுக்குத் தீட்டு இல்லை. வரப்போரம் வேப்பமரத்தில் என்னைத் தூளி கட்டிப் போட்டுட்டு நடவு நட்டாங்களாம். நான் அழுதால் மார் கட்டிக்கிட்டு ரவிக்கை நனையுமாம். மேஸ்திரி உச்சிவேளைக்கு ஒரு தடவை, அதுக்குப் பிறகு ஒரு தடவைதான் கரையேற விடுவானாம். மிச்ச நேரம் பாலை வரப்பில் பீச்சி விட்டுட்டு மறுபடி சேத்தில் இறங்குவாங்களாம். "மண்ணு குடிச்சுது உன் பாலை"ன்னு எங்க அம்மா சொன்னாங்க. வேலை வேணும்னா தீட்டு ஓடிப்போகுது, வேலைக்குத் தேவையில்லாதப்போ வந்து ஒட்டிக்குது. அப்போ தீட்டுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. யாரை எங்கே நிறுத்துறது, யார் உழைப்பை எப்போ எடுத்துக்கிறது என்கிற கணக்கு அது.

பச்ச உடம்புக்காரிக்கு ஓய்வு வேணும், கண்டவங்க வந்து பிள்ளையைத் தொடாமல் இருக்கணும், கை கழுவிட்டுத் தூக்கணும். இதெல்லாம் சரிதான். ஓய்வு கொடுங்க. ஓய்வு கொடுக்கிறதுக்கு அவளை அசிங்கம்னு சொல்லத் தேவையில்லை.

இன்னொண்ணும் சொல்லணும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு. நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ எங்க தெருவில் பிரசவம் ஆனா அந்த ரத்தத் துணியை யாரும் துவைக்கமாட்டாங்க. புதிரை வண்ணார் வீட்டுக் கிழவி ஒருத்தி வந்து மூட்டை கட்டி எடுத்துட்டுப் போகும். சாயந்திரம் வீடு வீடா வந்து சோறு வாங்கும். நாங்க பொடிசுங்ககூட அந்தக் கிழவியைப் பேர் சொல்லி 'வா, போ'ன்னுதான் கூப்பிடுவோம். ஊர்த்தெருவில் எங்க தாத்தாவை எட்டு வயசுப் பையன் 'டேய்'னு கூப்பிடுவான். எங்களுக்கு வயிறு எரியும். திரும்பி வந்து நாங்க அந்தக் கிழவியை 'ஏய்'னு கூப்பிடுவோம். எங்க தெருவில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையோட முதல் துணியையும் அலசின கை அது. அந்தக் கையிலிருந்து நாங்க ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்லை.

பாபாசாகேப் 1936-ல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் சாதி என்பது வேலையை மட்டும் பிரிக்கல, வேலை செய்ற மனுசங்களையே பிரிச்சு, ஒருத்தருக்குமேல் ஒருத்தரா அடுக்கி வச்சிருக்குன்னு விளக்கினாரு. நாம அந்த அடுக்கை ஊருக்கும் சேரிக்கும் நடுவில் மட்டும்தான் பார்க்கிறோம். சேரிக்குள்ளேயும் அது இருக்கு, வீட்டுக்குள்ளேயும் அது இருக்கு. அசிங்கமான வேலை என்று ஒண்ணை ஒதுக்கி, அதைப் பிறப்பால் ஒருத்தர் தலையில் கட்டி, அதைச் செய்றதாலேயே அவங்களைக் கீழானவங்கன்னு சொல்றது. இதுதானே சாதி? பொண்ணாப் பொறந்ததால் பீத்துணி உன்னுதுன்னு சொன்னா, அது மட்டும் வேற என்ன?

அண்ணல் அம்பேத்கரைப் பத்திப் பேசும்போது அவர் நியூயார்க்கிலும் லண்டனிலும் பட்டினி கிடந்து படிச்சதை எல்லாரும் பேசுறோம். பேசணும். ஆனா ரமாபாய் பெத்த ஐந்து பிள்ளைகளில் நான்கு பிள்ளைகள் சின்ன வயசிலேயே செத்ததை எத்தனை மேடையில் பேசியிருக்கோம்? மிஞ்சினது யஷ்வந்த் ஒருத்தர்தான். கடைசிப் பிள்ளை ராஜரத்னா 1926-ல் செத்தது. ரமாபாய் 1935-ல் இறந்தாங்க. அந்த வீட்டில் வறுமையோட வறுமையா ராத்திரியில் பிள்ளையை மடியில் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தது அவங்க. கைப்பிள்ளைச் சாவு அம்பேத்கருக்குப் புள்ளிவிவரமாத் தெரிஞ்ச விசயமில்லை. ராஜரத்னா செத்து ரெண்டு வருசம் கழிச்சு, 1928-ல், பம்பாய் சட்டசபையில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கான மகப்பேறு சலுகை மசோதாவை ஆதரிச்சு அவர் பேசினாரு. பிரசவத்துக்கு முன்னாலும் பின்னாலும் தாய்க்கு ஓய்வு கிடைக்கிறது நாட்டுக்கே நல்லது, அந்தச் செலவின் பெரும்பங்கை அரசாங்கம் ஏத்துக்கணும்னு வாதாடினாரு. 1929-ல் அது சட்டமாச்சு. பிள்ளை பெறுவது வீட்டு விசயம், அரசியல் இல்லைன்னு அவர் நினைக்கல. அவர் படத்தை மாட்டியிருக்கிற நாம எப்படி நினைக்கலாம்?

அவருக்கு முன்னாலேயே, 1863-ல், புனேயில் ஜோதிராவ் பூலேவும் சாவித்திரிபாயும் ஒரு இல்லம் திறந்தாங்க. கர்ப்பமான பார்ப்பன விதவைகள் ஊருக்குப் பயந்து பிள்ளையைக் கொல்லாமல் அங்கே வந்து பெத்துக்கலாம். அப்படிப் பிறந்த ஒரு பிள்ளையைத் தங்கள் பிள்ளையாவே வளர்த்தாங்க. அந்தப் பிள்ளைக்கும் யஷ்வந்த்னுதான் பேரு. சூத்திரர்னு ஒதுக்கப்பட்டவங்க வீட்டில் பார்ப்பனப் பெண்ணின் பிள்ளை வளர்ந்தது. பிள்ளை வளர்ப்பைவிடப் பெரிய சாதி எதிர்ப்பு வேலை எதுன்னு எனக்குத் தெரியல.

சரி, சட்டத்துக்கு வருவோம். மகப்பேறு விடுப்பை 2017-ல் 26 வாரமாக்கினாங்க. நல்லது. ஆனா அது பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்ற நிறுவனங்களுக்கு. தமிழ்நாட்டு அரசு ஊழியப் பெண்களுக்கு 2021-ல் 12 மாதம் ஆச்சு. அதுவும் நல்லது. நடவு நடுறவளுக்கு? செங்கல் சூளைக்காரிக்கு? சித்தாளுக்கு? அவளுக்கு விடுப்பு கொடுக்க முதலாளின்னு ஒருத்தன் நிலையா இல்லையே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் இருக்கிற மகப்பேறு உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 2018-ல் 18,000 ரூபாய் ஆச்சு. அதுவும் தவணை தவணையா வரும். பதிவு பண்ணணும், கணக்கு இருக்கணும், நாலு தடவை நடக்கணும். அந்த நடையை நாம நடக்கலாமே? 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலை இடத்தில் ஐந்து சின்னப் பிள்ளைகள் இருந்தால் பார்த்துக்க ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி கொடுக்கணும்னு எழுதியிருந்தது. நான் போன எந்த வேலை இடத்திலும் அதைப் பார்த்ததில்லை. அதைக் கேட்டு நாம ஒரு மனுகூடக் கொடுத்ததில்லை. எங்க அம்மா வரப்பில் பீச்சின பாலுக்கு யார்கிட்டப் போய்க் கணக்குக் கேட்கிறது?

ஆண் தோழர்கள் ஒரு கேள்வி கேப்பீங்க: 'பிள்ளைக்குத் தாய்தானே வேணும், எங்ககிட்ட நிக்குமா?' நிக்கும். 1978-ல் கொலம்பியா நாட்டு பொகோட்டா நகர மருத்துவமனையில் குறைமாதப் பிள்ளைகளை வைக்கக் கருவி போதலை. அப்போ மருத்துவர்கள் பிள்ளையை வெறும் மார்போடு மார்பாகத் துணியால் கட்டிச் சூடு கொடுக்கச் சொன்னாங்க. பிள்ளைகள் பிழைச்சது. இப்போ உலகம் முழுக்க அந்த முறை இருக்கு. கங்காரு முறைன்னு பேரு. தாய் மார்புதான் வேணும்னு இல்லை, தகப்பன் மார்பிலும் அதே சூடுதான். உங்க நெஞ்சில் மயிர் இருக்கிறதைப் பத்திப் பிள்ளைக்குக் கவலையில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொல்ல இன்னும் ரெண்டு சேதி. பிறந்ததும் வர்ற மஞ்சள் சீம்பாலைப் பீச்சிக் கொட்டாதீங்க. பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் இருக்கு. ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும். சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தாய்க்கு வயிறாரச் சோறு போடுங்க. வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிடுறவகிட்ட 'பால் இல்லையே'ன்னு கேட்காதீங்க.

இயக்கத்துக்கு என் கோரிக்கை இதுதான். இனிமேல் எந்தக் கூட்டத்துக்கு இடம் பார்த்தாலும் தூளி கட்ட ஒரு உத்திரம் இருக்கான்னு பாருங்க. மைக் செட்டுக்குப் பணம் ஒதுக்குற மாதிரி, பிள்ளைகளைப் பார்த்துக்க முறை வச்சு ரெண்டு தோழர்களை ஒதுக்குங்க. அதில் ஒருத்தர் கட்டாயம் ஆணா இருக்கணும். ஒரு பெண் தோழர் ரெண்டு கூட்டத்துக்கு வரலைன்னா மூணாவது கூட்டத்தை அவ வீட்டுத் திண்ணையில் போடுங்க. அந்தப் பறை அடிச்ச தோழியோட வீட்டுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை நான் போறேன். அவ பிள்ளைக்கு இப்போ ஏழு வயசு ஆயிருக்கும். ரொம்பத் தாமதம்தான். என்கூட யார் வர்றீங்க?

அதோ, பிள்ளை அழ ஆரம்பிச்சுடுச்சு. பாலுக்கு அழுதா நான் போறேன். துணி நனைஞ்சு அழுதா முன்வரிசையில் இருந்து ஒரு தம்பி எழுந்து போங்க. மாத்துத்துணி மஞ்சப்பையில் இருக்கு.

ஜெய்பீம்.